ஞாயிற்றுக்கிழமை யாருக்கு ஓய்வு?

கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது முடியாதவர்கள் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் படியுங்கள். ஆவடி லோக்கலில் இடம் கிடைப்பதற்குள் நான் இன்னொரு பதிவே போட்டுவிடுவேன் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்கிறார்.

என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி, இப்போது பூந்தமல்லியில் குடியிருக்கிறாள், இரண்டு மாதம் முன்பு ராத்திரி 11.40க்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "டீச்சர், ஓய்வெடு ஓய்வெடுன்னு சபையில எல்லாரும் சொல்றாங்க. தினம் ஒரு மணி நேரம் தேவ சமூகத்துல காத்திருன்னு சொல்றாங்க. அந்த ஒரு மணி நேரம் எங்க இருக்குன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க." காலையில் ஏழு மணி பஸ், சாயங்காலம் வந்தால் சமையல், இரண்டு பிள்ளைகள், படுத்திருக்கும் மாமியார். நான் அவளுக்கு ஒரு நல்ல பதில் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். அரை மணி முன்னதாக எழுந்திரு, போனைத் தள்ளி வை, ஒரு சங்கீதத்தை மெதுவாகப் படி, இப்படி. எழுதியும் வைத்துவிட்டேன். அனுப்பவில்லை. அதற்குள் இது நடந்தது.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போது மணி பன்னிரண்டரை. முட்டி வலி. "இன்னைக்கு நான் அடுப்பு பத்த வைக்கப் போறதில்லை. ஓய்வுநாள்" என்று சொல்லிவிட்டேன். அவரும் மறுக்கவில்லை, போனில் இரண்டு பிரியாணி ஆர்டர் போட்டார். ஒண்ணேகால் மணிக்குப் பெல் அடித்தது. ஹெல்மெட்டைக் கழற்றிய பையன் என் முகத்தைப் பார்த்து, "டீச்சர்! நீங்களா?" என்றான்.

நாலாம் வகுப்பு பி பிரிவு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பனாக நடித்து, மேடையிலேயே ஆட்டுக்குட்டியாக வந்தவனோடு சண்டை போட்டவன். அவனுக்கு இப்போது முப்பது வயது இருக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியுமே. "சர்ச்சுக்குப் போறியாப்பா?" என்று கேட்டுவிட்டேன். "எட்டு மாசமாச்சு டீச்சர். ஞாயித்துக்கெழமதான் ஆர்டர் ஜாஸ்தி. மதியமும் ராத்திரியும் ஓட்டுனாத்தான் இன்சென்டிவ் சேரும்." சொல்லும்போதே அவன் போன் கத்தியது. தண்ணீர் கொடுத்தேன். பாதி டம்ளர் குடித்தான். மீதியை வைத்துவிட்டு ஓடினான்.

ஸ்தோத்திரம் பண்ணிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்கு இறங்கவில்லை. என்னுடைய ஓய்வுநாளை அந்தப் பிள்ளையின் ஓய்வுநாளைக் கொடுத்து வாங்கியிருக்கிறேன். பூந்தமல்லிப் பெண்ணுக்கு எழுதிய பதிலை அன்றைக்கு அழித்தேன்.

என்னுடைய பழைய ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல்கிறேன், கேளுங்கள். காலை நாலரைக்கு எழுந்திருப்பேன். இட்லி, சாம்பார், மதியத்துக்கு மசாலா அரைத்து வைப்பது. எட்டு மணிக்கு சண்டே ஸ்கூல் (எங்கள் நாசரேத் பக்கம் அதற்கு ஓய்வுநாள் பாடசாலை என்று பெயர், பெயர் வைத்தவர் பாடம் நடத்தியதில்லை போலும்). ஒன்பதுக்கு ஆராதனை, கொயர். முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கம். மாதம் ஒரு ஞாயிறு பாஸ்டரேட் கமிட்டி. வீட்டுக்கு வந்து கறிக்குழம்பு கொதிக்கும்போது இரண்டு மணி. அதற்குள் ஊரிலிருந்து யாராவது வந்திருப்பார்கள், சந்தோஷம்தான், இன்னும் ஒரு படி அரிசி. சாயங்காலம் நோயாளி சந்திப்பு. ராத்திரி பத்து மணிக்குத் திங்கட்கிழமைக்கான பாடக்குறிப்பு எழுதுவேன். உண்மையைச் சொன்னால், திங்கட்கிழமை நாற்பது பிள்ளைகள் சத்தம் போடுகிற வகுப்புக்குள் நுழையும்போதுதான் எனக்கு மூச்சு வரும்.

அவர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். அம்பத்தூரில் ஓ.டி. என்றால் ஓல்டு டவுனும் அதுதான், ஓவர்டைமும் அதுதான். ஞாயிறு ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம். பிள்ளைகளின் பீஸ் பாதி அதில்தான் கட்டினோம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வேலைக்குப் போகாத ஞாயிறுகளில் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்குவார். "ஆறு நாள் உழைத்த மனுஷன்" என்று நானே பிள்ளைகளைச் சத்தம் போடாமல் அடக்குவேன். நானும் ஆறு நாள் வேலைக்குப் போனவள்தான் என்பது எனக்கே ஞாபகம் வராது.

அதையெல்லாம் பக்தி என்று நினைத்திருந்தேன். இப்போது கணக்குப் பார்த்தால் பாதி பக்தி. மீதிப் பாதியில், "டீச்சரம்மா இல்லாட்டி இந்தச் சபையே நடக்காது" என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்கிற ஆசையும் இருந்தது. வருடாந்திர அறிக்கையில் என் பெயர் விட்டுப்போன ஒரு வருஷம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இதைச் சொல்ல எனக்கு இந்த வயது தேவைப்பட்டது.

என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது 'ஞாயிற்றுக்கிழமை' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவளுடைய தமிழ் டீச்சர் என் சிநேகிதி. நோட்டை என்னிடம் காட்டினாள், சிரித்துக்கொண்டுதான் காட்டினாள். முதல் வரி: "எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் கோபம் வரும் நாள்." எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனால் அடுத்த ஞாயிறும் நாலரைக்குத்தான் எழுந்தேன். அழுகை வேறு, அலாரம் வேறு. மகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். ஞாயிறு போனில், "சர்ச்சுக்குப் போனியா?" என்று கேட்டால், "தூங்குனேம்மா" என்பாள். முன்பு திட்டுவேன். இப்போது திட்டுவதில்லை.

நானும் ஒரு தரம் பிரசங்க நேரத்தில் தூங்கியிருக்கிறேன். சும்மா கண் அசந்தது இல்லை, தூணில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கினேன். பக்கத்துப் பாட்டி உலுக்கி எழுப்பினார்கள். வெட்கம் தாங்கவில்லை, ராத்திரி முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அந்த வருஷம் முழுவதிலும் நான் ஓய்வுநாளை ஆசரித்தது அந்தப் பதினைந்து நிமிஷம்தான் என்று இப்போது தோன்றுகிறது. எலியா சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்தபோது தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்து, எழுப்பி, சாப்பிடச் சொன்னான். திரும்பவும் தூங்க விட்டான். அதற்கு அப்புறம்தான் நடையும் மலையும் மெல்லிய சத்தமும். கல்யாணமாகிக் குழந்தை பெற்ற ஒருத்தி அந்த அதிகாரத்தைப் படித்தால் மெல்லிய சத்தத்தில் நிற்க மாட்டாள், அந்தத் தூக்கத்தில்தான் நிற்பாள்.

இப்போது நாலாம் கற்பனைக்கு வருகிறேன். யாத்திராகமம் 20. அந்த நாளில் யார் யார் வேலை செய்யக்கூடாது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகம், வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன். மனைவி இல்லை! சின்ன வயதில் இருந்து மனப்பாடமாக ஒப்பித்த எனக்கு இது ஐம்பது வயதுக்கு மேல்தான் கண்ணில் பட்டது. மாட்டுக்குக்கூட லீவு உண்டு, வீட்டு அம்மாவுக்கு இல்லை. அப்புறம் இலக்கணம் நடத்திய புத்தி வேலை செய்தது. தமிழில் 'நீ' என்பதற்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. அந்த 'நீ' நான்தான். வேலைக்காரரோடும் பிள்ளைகளோடும் எண்ணப்பட வேண்டியவள் இல்லை, கட்டளை யாருக்குச் சொல்லப்பட்டதோ அவள். வேத அறிஞர்களும் அந்த 'நீ'யில் மனைவியும் சேர்த்தி என்று விளக்கம் சொல்வதுண்டு. அப்படியென்றால் சரி. ஆனால் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது அந்த விளக்கம் வந்து கரண்டியைப் பிடிக்கிறதில்லை.

உபாகமம் 5ல் இதே கட்டளை இன்னொரு தரம் வருகிறது. அங்கே காரணம் மாறுகிறது. யாத்திராகமத்தில் ஆறு நாள் படைப்பு, ஏழாம் நாள் ஓய்வு. உபாகமத்தில், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாயே, ஞாபகம் வைத்துக்கொள், உன்னைப்போல உன் வேலைக்காரரும் இளைப்பாறட்டும் என்று. நாம் பிரசங்கங்களில் முதல் காரணத்தையே அதிகம் கேட்கிறோம். பைக்கில் வந்த என் மாணவன் இரண்டாவது காரணத்தில் இருக்கிறான்.

ஞாயிறு லீவு நமக்கு வெள்ளைக்காரனும் சர்ச்சும் தந்தது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஆபீசுக்கும் பள்ளிக்கும் அது ஓரளவு சரி. ஆலைத் தொழிலாளிக்கு அப்படிச் சும்மா கிடைக்கவில்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர், மகாத்மா பூலேயின் சத்யசோதக் சமாஜத்தைச் சேர்ந்தவர், வருஷக்கணக்காகப் போராடி 1890 ஜூன் 10ஆம் தேதி ஆலைகளுக்கு ஞாயிறு விடுமுறை வாங்கினார். அவர் கிறிஸ்தவர் இல்லை. ஞாயிறு அங்கே கண்டோபா சாமிக்கு உகந்த நாள். நம் பக்கமும் ஒரு கதை உண்டு. நம் லோக்கல் ரயில் நிற்கிற அதே பெரம்பூரில், பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் தொழிலாளர்கள் மதியம் சாப்பிடக் கொடுக்கிற அரை மணி நேரம் போதவில்லை என்று முறையிட்டார்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியாவும், முன்பு வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்த நம் திரு.வி.க.வும் அதில் நின்றார்கள். ஒரு தமிழ் வாத்தியார் சோற்று நேரத்துக்காகப் பேசினார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. 1948 தொழிற்சாலைச் சட்டம் வந்த பிறகு வாரம் ஒரு நாள் லீவு ஆலைத் தொழிலாளியின் உரிமை. 2021இல் நம் தமிழ்நாட்டுச் சட்டசபை, கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் செய்தது. யோசித்துப் பாருங்கள், உட்காருவதற்கு ஒரு சட்டம்! ஞாயிறு ஆராதனை முடிந்து நாம் புடவை எடுக்கப் போவோமே, அந்தக் கடைப் பெண்ணுக்கு. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டசபையில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று முதலமைச்சர் வாபஸ் என்றார்.

அந்த நாட்களில் எங்கள் சபைகளில் இதைப் பற்றி ஒரு ஜெபக்குறிப்பாவது வந்ததா என்று நினைத்துப் பார்க்கிறேன். என் காதில் விழவில்லை. அதே மாதம், 'கர்த்தருக்குள் இளைப்பாறுதல்' என்று மூன்று நாள் கூட்டம் போட்டோம். மூன்று நாளும் பெண்கள்தான் டீ போட்டோம்.

உணவு கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு அந்த வார விடுமுறை கிடையாது. அவர்களை 'தொழிலாளி' என்ற கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர்களுக்கு ஒரு நல வாரியம் 2023இல் நம் மாநிலத்தில் அறிவிக்கப்பட்டது, நல்லதுதான். ஆனாலும் ஞாயிறு என்பது அவனுக்கு இன்சென்டிவ் நாள். ஓட்டாவிட்டால் நஷ்டம். எங்கள் வீட்டுக்காரருக்கு ஷிப்டு முடிந்தால் சங்கு ஊதும், வேலை அதோடு நின்றுவிடும். இவனுக்கு ஊத ஒரு சங்கு இல்லை.

இந்த இடத்தில் ரிட்ரீட் போகச் சொல்லும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஏலகிரி, கொடைக்கானல் என்று தியான முகாம் போய் வருகிறவர்களை நான் பழிக்கவில்லை. நானே ஒரு தரம் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்குப் பெண்கள் குழுவோடு போயிருக்கிறேன். 1921இல் சவரிராயன் ஜேசுதாசன், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்று இரண்டு டாக்டர்கள் தொடங்கியது. ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். ஊரார் பெரியண்ணன், சின்னண்ணன் என்றே கூப்பிட்டார்களாம். கதர் உடுத்தி, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்து, நம் கோயில் கட்டடப் பாணியிலேயே ஒரு ஜெபாலயம் கட்டினார்கள். அங்கே உட்கார்ந்தபோது எனக்குப் பிடித்தது அமைதி மட்டும் இல்லை. ஜெபாலயமும் நோயாளியும் ஒரே வளாகம் என்பது. அவர்கள் வேலையை விட்டு ஓடிப்போய் ஜெபிக்கவில்லை, வேலைக்கு நடுவிலே ஓர் இடம் கட்டி வைத்தார்கள். வெளியே வந்ததும் எங்கள் மதினி மட்டும், "ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கல. பிள்ள குட்டி இல்ல, மாமியா இல்ல. ஆசிரமம் நடத்த என்ன கஷ்டம்?" என்றார்கள். வேனில் சிரிப்பு அடங்க ராணிப்பேட்டை வந்துவிட்டது. ஆனால் மதினி சொன்னதில் நியாயம் உண்டு. தனிமையான இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்று ஆண்டவர் சீஷர்களைக் கூப்பிட்டார், சாப்பிடக்கூட அவர்களுக்கு நேரம் இல்லாததால். அந்தப் பன்னிரண்டு பேரும் வீட்டில் அடுப்பை யாரிடமோ விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். பேதுருவுக்கு மாமியார் இருந்தார், ஜுரம் விட்டதும் எழுந்து பரிமாறினார்.

அதனால் பூந்தமல்லிப் பெண்ணே, உனக்கு என் பதில் இதுதான். உன்னுடைய அந்த ஒரு மணி நேரம் உன்னிடம் இல்லை. அது உன் வீட்டு மற்றவர்களிடம் இருக்கிறது. அவர்கள் கொடுத்தால்தான் உண்டு. நாலு மணிக்கு எழுந்திரு என்று நான் சொல்ல மாட்டேன், அது உன் தூக்கத்திலிருந்து திருடுவது. இந்தப் பதிவை உன் வீட்டுக்காரரிடம் காட்டு.

வீட்டுக்காரர்களே, மாப்பிள்ளைகளே, என்னிடம் குட்டு வாங்கிய பையன்களே, உங்களுக்கு: நம் பக்கத்து அசனப் பண்டிகையில் அண்டா அண்டாவாகச் சமைப்பது யார்? ஆண்கள்தானே? வேட்டியை மடித்துக் கட்டி, ஆயிரம் பேருக்குச் சோறும் குழம்பும் இறக்குகிறீர்களே, நாலு பேருக்கு ரசம் வைக்கத் தெரியாது என்றால் நான் எப்படி நம்புவது?

வேற்று மதப் பிள்ளைகளும் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள், தெரியும். பொங்கலன்றைக்கும் ரம்ஜானன்றைக்கும் உங்கள் வீட்டு அடுப்படியை ஒருதரம் எட்டிப் பாருங்கள். நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் என்ன செய்தோம்? பெரிதாக ஒன்றும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலமே புளிக்குழம்பு வைத்துவிடுகிறோம். ஞாயிறு சோறு மட்டும், அதை அவர் வைக்கிறார். முதல் இரண்டு வாரம் குழைந்தது, மூன்றாவது வாரம் அரிசியாகவே இருந்தது, இப்போது பரவாயில்லை. ஞாயிறு வெளியில் ஆர்டர் போடுவதில்லை. ஆர்டர் போடாவிட்டால் அந்தப் பையனுக்கு வருமானம் குறையாதா என்று என் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. வாரநாளில் போடுகிறோம், அவ்வளவுதான் தெரிகிறது.

சபையில் நாலு பொறுப்பில் இரண்டை விட்டேன். "டீச்சர் பின்மாற்றம் ஆயிட்டாங்க" என்று ஒரு பேச்சு காதுக்கு வந்தது. வந்துவிட்டுப் போகட்டும். கமிட்டியில் ஒரு மனு கொடுத்திருக்கிறேன்: மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின் எந்தக் கூட்டமும் வேண்டாம், எல்லோரும் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும். போதகர் ஐயா சிரித்தார். சிரிப்பு நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. பாவம், அவருக்குத்தான் முதலில் தூக்கம் வேண்டும். அந்த மனுவைப் பேச ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஒரு விசேஷக் கூட்டம் போட்டிருக்கிறார்கள்.

காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கிறேன். முன்பு நடக்கும்போது ஜெபக்குறிப்புகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவேன், அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி. இப்போது சும்மா நடக்கிறேன். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வருவேன். அன்றைக்கு ஜெபித்தேனா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பையன் விஷயம் பாக்கி. ஒரு வாரநாளில் தற்செயலாக அவனே இன்னொரு ஆர்டர் கொண்டு வந்தான். "எந்த நாள் உனக்கு ஆர்டர் கம்மி?" என்று கேட்டேன். "செவ்வாக்கிழம மத்தியானம் டீச்சர். ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் மரத்தடியிலதான் நிப்போம்." சரி, செவ்வாய்க்கிழமை வா, ஒரு சங்கீதம் வாசித்து ஜெபிக்கலாம் என்றேன். வந்தான். ஷூவைக் கழற்றி வைத்து, முகம் கழுவி, ஃபேனுக்குக் கீழே சோபாவில் உட்கார்ந்தான். நான் உள்ளே போய் பைபிளும் கண்ணாடியும் எடுத்து வருவதற்குள் தூங்கிவிட்டான். தூணில் சாய்ந்த என்னைப்போலவே வாயைத் திறந்துகொண்டு. அவர் எழுப்பப் போனார், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நாலு மணிக்கு அவனே பதறி எழுந்து, "மன்னிச்சிருங்க டீச்சர், ஜெபம் பண்ணலையே" என்றான். மோரைக் குடிக்க வைத்து அனுப்பினேன். அதற்கு அடுத்த செவ்வாய் கூட ஒரு பையனையும் கூட்டி வந்தான். அவன் பெயர் அப்துல்லாவோ என்னவோ, எனக்கு இன்னும் வாயில் நிற்கவில்லை. அவனும் தூங்கினான்.

ஆகவே அறிவிப்பு: செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் 2 முதல் 4 வரை எங்கள் வீடு திறந்திருக்கும். கூட்டம் இல்லை, பாட்டு இல்லை, காணிக்கை இல்லை. மூன்று பாய், இரண்டு தலையணை, ஒரு ஃபேன், மோர் உண்டு. பூந்தமல்லியில் இருந்து 2 மணிக்குள் வர முடியாதவர்கள் மூன்று மணிக்கு வாருங்கள். முன்கூட்டியே சொல்ல வேண்டாம். நான் எதுவும் சமைக்கப் போவதில்லை.